சந்தா யாருடைய கையெழுத்தில் போகிறது?

(ஹேவாஹெட்டப் பகுதித் தோட்டமொன்றின் சனசமூக நிலையத்தில், சம்பளம் போட்ட மறுநாள் நடந்த கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



வழமையாக நான் பேச எழுந்தால் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள், பிள்ளைக்கு ஊசி போடுங்கள், லயத்துக் கானை அடைக்காதீர்கள் என்றுதான் பேசுவேன். இன்றைக்கு விஷயம் வேறு. சந்தாவைப் பற்றிப் பேசப் போகிறேன். கோயில் சந்தா அல்ல, சங்கச் சந்தா.

இதைப் பேச வேண்டி வந்ததற்குக் காரணம் இருக்கிறது. போன மாதம் ஒரு பெரியம்மா என்னிடம் வந்து, "ஐயா, சங்கத்துச் சந்தாவ நிப்பாட்டினா சேமலாபக் காசையும் வெட்டிருவாங்களாமே, நெசமா?" என்று கேட்டார். அடுத்த கிழமையே இரண்டு இளவட்டங்கள் போனைக் கொண்டுவந்து காட்டி, "அமெரிக்காவுல தீர்ப்பு வந்திருச்சு, அரசாங்கத்துல வேலை செய்யிற ஆளுக சந்தாவே கட்டத் தேவையில்லையாம், நம்ம தோட்டமும் அரசாங்கத் தோட்டந்தானே" என்றார்கள். இந்தக் கூட்டத்துக்கு அறிவித்தல் ஒட்டியதும் தலைவர் ஒருவர் வழியில் மறித்து, "வெல்பெயார் ஐயா, இதையெல்லாம் பேசி சங்கத்த ஒடைச்சிராதீங்க" என்றார். மூன்று பேருக்கும் பதில் சொல்லத்தான் இங்கே நிற்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் தோட்டத்துச் சம்பளம் வாங்குகிறவன். எந்தச் சங்கத்திலும் இல்லை. ஆகையால் எந்தச் சங்கம் நல்லது, எது கூடாது என்று என் வாயிலிருந்து ஒரு சொல்லும் வராது. சட்டம் என்ன சொல்கிறது என்பதை மட்டும் எனக்குத் தெரிந்தவரைக்கும் சொல்லுகிறேன்.

சம்பளத் துண்டை எத்தனை பேர் முழுசாகப் பார்க்கிறீர்கள்? கடைசியில் கைக்கு வருகிற தொகையை மட்டும் பார்த்துவிட்டு மடித்து முந்தானையில் முடிந்துகொள்கிறோம். அதற்கு மேலேதான் விஷயம் கிடக்கிறது. தீபாவளி முற்பணம், தேயிலைத்தூள், கோயில், டோபி, மரண உதவிச் சங்கம், சேமலாப நிதி, பிறகு சங்கச் சந்தா. வரிசையாகப் பிடித்திருப்பார்கள். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் சட்டத்தின் கண்ணுக்கு அவை ஒன்றல்ல.

சேமலாப நிதி என்பது 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி பிடிக்கிற காசு. உங்கள் சம்பளத்திலிருந்து நூற்றுக்கு 8, தோட்டம் தன் பங்காக நூற்றுக்கு 12. அதை வேண்டாம் என்று நீங்களும் சொல்ல முடியாது, துரையும் சொல்ல முடியாது. சங்கச் சந்தா அப்படியல்ல. சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் என்று ஒன்று 1941இல் வந்தது, 27ஆம் இலக்கம். அதன்படி தொழிலாளியின் சம்பளத்தை அந்தத் தொழிலாளியின் கையிலேயே கொடுக்க வேண்டும். எழுதப்பட்ட சட்டம் ஒன்று கட்டாயப்படுத்துகிற பிடிப்பைத் தவிர, மற்றப் பிடிப்புகளுக்குத் தொழிலாளியின் சம்மதம் வேண்டும். சந்தா இந்தச் சம்மதக் கணக்கில்தான் வருகிறது. நீங்கள் ஒரு படிவத்தில் கையெழுத்து வைத்தீர்கள், அதனால் பிடிக்கிறார்கள். உங்கள் சம்மதத்தால் தொடங்கியது, நீங்கள் சம்மதத்தை வாபஸ் வாங்கினால் நிற்க வேண்டியதுதான்.

இந்தச் சம்மதம் என்ற சொல் சும்மா வந்துவிடவில்லை. நம் பாட்டன் பூட்டன் காலத்தில் துண்டு என்று ஒன்று இருந்தது. இப்போது நாம் துண்டு என்றால் சம்பளத் துண்டு. அப்போது துண்டு என்றால் கடன் துண்டு. இந்த ஆளுக்கு இவ்வளவு கடன் என்று எழுதிய காகிதம். அந்தக் கடனைத் தீர்க்க ஒரு தோட்டம் சம்மதித்தால்தான் ஆள் அந்தத் தோட்டத்துக்குப் போகலாம். கடன் எவ்வளவு, யார் வாங்கினது, யார் எழுதினது என்று ஆளுக்கே தெரியாது. காகிதம் கங்காணி கையில். 1921இல்தான் சட்டம் போட்டு இந்தத் துண்டு முறையை ஒழித்தார்கள். தன் பேரில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலேயே உழைத்துப் போன சனம் நாங்கள். அதனால்தான் சம்பளத்தில் பிடிக்கிற ஒவ்வொரு சதத்துக்கும் சம்மதம் கேட்க வேண்டும் என்று சட்டம் வந்தபோது, அது பெரிய காரியமாக இருந்தது.

பெரியம்மாவுடைய கேள்விக்கு வருகிறேன். சந்தாவை நிறுத்தினால் சேமலாப நிதி போகாது. தோட்டம் கட்டுகிற நூற்றுக்கு 3 நம்பிக்கைப் பொறுப்பு நிதியம் போகாது. சேவைக்காலப் பணம் போகாது. 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி ஐந்து வருஷத்துக்குக் குறையாமல் வேலை செய்தவருக்கு அது உரித்தானது, சங்கம் கொடுக்கிற பரிசு அல்ல. பிரசவ விடுமுறையும் சட்டத்தில் உள்ளது. சம்பளச் சபை தீர்மானித்த நாட்சம்பளமும் அப்படியே. 2021 மார்ச்சில் 1,000 ரூபாய் ஆனதும், 2024 செப்டம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாய் ஆனதும் சம்பளச் சபையின் வழியாகத்தான். சந்தா கட்டுகிறவருக்கு ஒரு சம்பளம், கட்டாதவருக்கு வேறு சம்பளம் என்று அதில் இல்லை. லயத்துக் காம்பராவை விட்டு இறங்கு, பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் எடுக்க மாட்டோம், அம்புலன்ஸ் வராது என்று யாராவது பயங்காட்டினால், அது வெறும் பயங்காட்டல். அப்படிச் சொல்லுகிறவர் யார் என்று என்னிடம் வந்து சொல்லுங்கள்.

இதில் பொம்பளை ஆளுகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பக்கத்துத் தோட்டமொன்றில் நான் கண்ணால் கண்டது. கொழுந்து எடுக்கிற ஒரு தங்கச்சி, பதினொரு மாதமாக இரண்டு சங்கத்துக்குச் சந்தா கட்டியிருக்கிறாள். அவளுக்கே தெரியாது. புருஷன் சங்கம் மாறினபோது அவளுக்கும் சேர்த்துப் புதுப் படிவம் நிரப்பிக் கொடுத்துவிட்டார். பழைய சங்கத்தை நிறுத்தச் சொல்லி யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. துண்டை நான் விரலால் காட்டின பிறகுதான், "அட, இது என்னா ரெண்டு தடவ?" என்று கேட்டாள். ஆபீசில் படிவத்தை எடுத்துப் பார்த்தோம். அவள் பேருக்கு நேரே இருந்தது அவளுடைய கையெழுத்தல்ல, புருஷனுடையது. அவள் ஏழாம் வகுப்புப் படித்தவள். அழகாகக் கையெழுத்து வைப்பாள். இரண்டு சங்கத்துக்கும் கடிதம் எழுதினோம். அடுத்த மாதத்திலிருந்து ஒன்று நின்றது. போன காசு போனதுதான்.

நான் புருஷன்மாரைக் குறை சொல்ல வரவில்லை. அந்தத் தம்பி கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஆனால் சட்டம் சொல்லுகிற தொழிலாளியின் சம்மதம் என்பது, மழையிலும் அட்டைக்கடியிலும் நின்று கொழுந்து எடுத்தவளுடைய சம்மதம். புருஷனோ, மாமனாரோ, தலைவரோ அவளுக்காகச் சம்மதம் கொடுக்க முடியாது. செக்ரோலில் அவளுக்குத் தனி இலக்கம் இருக்கிறதே, அது எதற்காம்?

சரி, இளவட்டங்கள் காட்டின அமெரிக்கச் செய்திக்கு வருவோம். செய்தி பொய்யில்லை. 2018 ஜூன் 27ஆம் திகதி அமெரிக்க உயர் நீதிமன்றம் அப்படி ஒரு தீர்ப்புக் கொடுத்தது. இல்லினோய் என்ற மாநிலத்தில் அரசாங்க உத்தியோகம் பார்த்த மார்க் ஜானஸ் என்பவர் சங்கத்தில் சேரவில்லை. சேராவிட்டாலும் மாதம் சுமார் 45 டொலரை அவருடைய சம்பளத்தில் சங்கத்துக்காகப் பிடித்தார்கள். அங்கே முறை என்னவென்றால், ஓர் இடத்தில் ஒரு சங்கம்தான் எல்லா ஊழியருக்கும் சேர்த்துப் பேசும். ஆகவே அங்கத்தவர் அல்லாதவரும் செலவில் ஒரு பங்கு தர வேண்டும் என்று 1977இலிருந்து தீர்ப்பு இருந்தது. அதைத்தான் 2018இல் மாற்றினார்கள். ஒன்பது நீதியரசர்களில் ஐந்து பேர் ஒரு பக்கம், நான்கு பேர் மறு பக்கம். அரசாங்கத்தோடு ஒரு சங்கம் பேசுவது அரசியல் பேச்சுப் போலத்தான், ஒருவர் விரும்பாத பேச்சுக்கு அவருடைய காசை எடுக்கக் கூடாது என்பது ஐந்து பேரின் முடிவு. எல்லோருக்கும் சேர்த்துப் பேசுகிற சங்கத்துக்கு ஒரு பகுதியார் காசே தராவிட்டால் அந்தச் சங்கம் எப்படி நடக்கும் என்பது மற்ற நான்கு பேரின் கவலை. இரண்டு பக்கத்திலும் நியாயம் இருப்பதாகத்தான் எனக்குப் படுகிறது.

ஆனால் தம்பிமாரே, அந்தத் தீர்ப்பு நமக்கு வேண்டியதேயில்லை. அங்கே அவர்கள் சேராதவரிடமும் காசு பிடித்தார்கள், அதனால் வழக்கு வந்தது. இங்கே கையெழுத்து வைக்காதவரிடம் பிடிக்கவே கூடாது என்று 1941இலிருந்தே சட்டம் இருக்கிறது. அமெரிக்காவுக்குப் போகாமல் கண்டித் தொழில் காரியாலயத்துக்குப் போனாலே போதும்.

நாம் அரசாங்க ஆளுகளா என்றும் கேட்டீர்கள். 1975இல் பெரிய தோட்டங்களை அரசு எடுத்தது. 1992இல் பெரும்பாலானவற்றைக் கம்பனிகளிடம் கொடுத்தது. நம் கண்டிப் பக்கத்தில் சில தோட்டங்கள் ஜனவசம, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம் ஆகியவற்றின் கையிலேயே தங்கிவிட்டன. சம்பளம் கொடுப்பது அரச நிறுவனம், அது மெய்தான். ஆனால் பாடசாலை ஆசிரியரைப் போல, தபால் கந்தோர் ஊழியரைப் போல நாம் அரசாங்க சேவையாளர் அல்ல. பென்சன் இல்லையே, அதிலேயே தெரிகிறதே. அரசாங்க சேவையாளருக்குக் கைத்தொழில் பிணக்குகள் சட்டம் பொருந்தாது. கூட்டுத்தாபனத் தோட்டத்துத் தொழிலாளிக்கும் கம்பனித் தோட்டத்துத் தொழிலாளிக்கும் அது பொருந்தும். இது நமக்கு நல்லதே.

ஏனென்றால் அந்தச் சட்டத்தில் 1999இல் ஒரு திருத்தம் வந்தது, 56ஆம் இலக்கம். ஒரு சங்கத்தில் சேர், சேராதே, விலகு, விலகாதே என்று வேலைக்கு நிபந்தனையாக முதலாளி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. சங்கத்தில் இருக்கிறார் என்ற காரணத்துக்காக ஆளை நிறுத்தக் கூடாது. தொழிலாளி காசு கொடுத்துத் தன் சங்கத்தை ஆதரிப்பதைத் தடுக்கவும் கூடாது. மீறினால் நீதவான் நீதிமன்றத்தில் வழக்கு. தொழிற்சங்கம் அமைக்கவும் சேரவும் உள்ள சுதந்திரம் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரையிலும் இருக்கிறது.

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். சந்தாவை நிறுத்துகிற உரிமை தொழிலாளிக்கு மட்டுமே உரியது. தலைவர் அதைத் தடுக்க முடியாதது போலவே, துரையும் அதைத் தூண்ட முடியாது. "சங்கத்துக்கு ஏன் சும்மா காசு கொடுக்கிறே, எழுதிக் கொடு, நிப்பாட்டிர்றேன்" என்று ஆபீஸ் பக்கத்திலிருந்து யாராவது ஆசையாகச் சொன்னால், அந்த ஆசை எதற்கு என்று யோசியுங்கள். தோட்டத்துச் சம்பளம் வாங்கிக்கொண்டு நானே இதைச் சொல்லுகிறேன். முந்நூறு பேர் இருக்கிற ஒரு பிரிவில் ஆளுக்கு நூறு ரூபாய் என்று ஒரு கணக்குக்கு வையுங்கள். மாதம் 30,000, வருஷம் 360,000 ரூபாய். வழக்குப் பேச, தொழில் காரியாலயத்துக்குப் பத்துத் தடவை பஸ் ஏற, கடிதம் அடிக்க, வேலைநிறுத்த நாளில் அரிசி வாங்க உதவுகிற காசு அது. அது நின்றால் யாருக்கு நிம்மதி என்று நான் சொல்லத் தேவையில்லை.

தலைவர் ஐயாவுடைய பயம் எனக்கு விளங்குகிறது. சங்கம் இந்த மலைக்குச் சும்மா வரவில்லை. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை வைத்தார் என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் பாடத்தில் இருக்கிறது. வெளிநாட்டுக்காரரும் வந்து பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அதே ஹேவாஹெட்டயில் முல்லோயாத் தோட்டம் இருக்கிறது. 1940 ஜனவரி 10ஆம் திகதி அங்கே சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தவர்கள் மேல் பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். சங்கம் வைத்துக்கொள்ளும் உரிமைக்காக நம் தோட்டங்களில் சிந்திய முதல் இரத்தமாக அதைச் சொல்லுகிறார்கள். விசாரணைக் குழு வைத்தார்கள். அந்த ஆண்டே தோட்டங்களில் சங்கங்களை ஏற்றுக்கொள்ளும் ஏழு அம்ச ஒப்பந்தமும் வந்தது. டெய்லரைத் தெரிந்த நம் பிள்ளைகளில் கோவிந்தனைத் தெரிந்தவர்கள் எத்தனை பேரோ!

பிறகு 1984இல் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் வந்தது. அதற்கு முன் அதே நாளைக்கு அக்காமார் குறைந்த காசுதான் வாங்கினார்கள். அதையும் வேலைநிறுத்தம் செய்துதான் வாங்கினோம். இப்போதும் சம்பளச் சபையில் முதலாளிமார் பக்கத்துக்குச் சரிசமமாகத் தொழிலாளர் பக்கத்து ஆட்களும் உட்காருகிறார்கள். அந்த நாற்காலியில் போய் உட்காருவது சங்கங்களின் ஆட்கள்தான், தனித்தனியாக நீங்களும் நானும் அல்ல. அரச தோட்டங்கள் சிலவற்றில் சேமலாப நிதியைச் சம்பளத்தில் பிடித்தும் கட்டாமல் நிலுவை வைத்தது ஊரறிந்த கதை. அப்படிப்பட்ட நேரத்தில் ஒரு தனி ஆள் துண்டைத் தூக்கிக்கொண்டு போய் என்ன செய்ய முடியும்?

ஆனால் தலைவர்மார்களே, ஒன்றை நீங்களும் கேட்டுக்கொள்ள வேண்டும். செக்ரோலில் பிடிக்கிற முறை வருவதற்கு முன்பு, சந்தா வாங்கத் தலைவர் லயம் லயமாகப் போக வேண்டும். போனால் சும்மா காசு தர மாட்டார்கள். கூரை ஒழுகுது, அரைப்பேர் போட்டுட்டாங்க, மகளுக்குப் பிரசவக் காசு வரல்ல என்று பத்துக் கதை சொல்லித்தான் தருவார்கள். அந்தப் பத்துக் கதையும் தலைவர் காதில் ஏறிவிடும். இப்போது காசு ஆபீசிலிருந்து நேராகப் போய்விடுகிறது, கதை லயத்திலேயே நின்றுவிடுகிறது. சந்தாவை நிறுத்தப் போகிறேன் என்று என்னிடம் வந்தவர்களில் அநேகம் பேருக்குக் காசு பெரிசல்ல. "ஓட்டுக் கேக்க மட்டும் வாராங்கய்யா" என்றுதான் சொன்னார்கள். சங்கத்தை உடைப்பது என் பேச்சா, அந்த வார்த்தையா என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

அங்கத்தவருக்கு நிறுத்துகிற உரிமை மட்டுமல்ல, கேட்கிற உரிமையும் உண்டு. 1935ஆம் ஆண்டின் தொழிற்சங்கங்கள் கட்டளைச் சட்டப்படி பதிவு செய்த சங்கம் கணக்கு வைக்க வேண்டும், வருஷா வருஷம் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும். கணக்குப் புத்தகத்தை அங்கத்தவர் பார்க்கலாம். கோயில் திருவிழா முடிந்த மறுநாளே வரவு செலவு எங்கே என்று கேட்டுச் சண்டை பிடிக்கிற நாம், சங்கக் கணக்கை ஒரு நாளாவது கேட்டிருக்கிறோமா? என் அபிப்பிராயத்தில் நிறுத்துவதற்கு முன் ஒரு தடவை கேட்டுப் பார்ப்பது நல்லது. கேட்டும் பதில் வராவிட்டால் வேறு சங்கத்துக்குப் போகலாம். எதுவும் பிடிக்காவிட்டால் ஏழு பேர் சேர்ந்தால் நீங்களே ஒரு சங்கத்தைப் பதிய விண்ணப்பிக்கலாம், அதற்கும் அதே சட்டத்தில் இடமுண்டு. ஒரு சங்கமும் வேண்டாம் என்றாலும் அது உங்கள் இஷ்டம்.

நிறுத்துகிறவர்கள் வாய்ப்பேச்சில் நிறுத்தாதீர்கள். பிரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளையிடம் சொன்னேன், அவர் தலையாட்டினார் என்பதெல்லாம் செல்லாது. தோட்ட அத்தியட்சகருக்கு ஒரு கடிதம் போதும். உங்கள் பெயர், செக்ரோல் இலக்கம், எந்தச் சங்கம், எந்த மாதத்திலிருந்து பிடிக்க வேண்டாம், உங்கள் கையெழுத்து, திகதி. காரணம் எழுதத் தேவையில்லை, காரணம் எழுதப் போய்த்தான் சண்டை வருகிறது. இரண்டு பிரதி எழுதி ஒன்றில் ஆபீஸ் முத்திரையும் திகதியும் வாங்கி வீட்டில் வையுங்கள். சங்கத்துக்கும் ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள், அது மரியாதை. சங்கம் மாறுகிறவர்கள் புதுப் படிவத்தோடு இந்தக் கடிதத்தையும் சேர்த்தே கொடுங்கள். இல்லாவிட்டால் அந்தத் தங்கச்சிக்கு நடந்த கதைதான். கடிதம் கொடுத்து அடுத்த சம்பளத்திலும் பிடித்திருந்தால் பெரிய கிளாக்கரிடம் துண்டைக் காட்டிக் கேளுங்கள். அதற்கும் அடுத்த மாதமும் பிடித்தால் கடிதத்தின் பிரதியையும் இரண்டு மாதத் துண்டையும் எடுத்துக்கொண்டு தொழில் காரியாலயத்துக்குப் போகலாம். முறைப்பாடு எழுத அங்கே காசு கேட்க மாட்டார்கள்.

எழுதத் தெரியாதவர்கள் சனிக்கிழமை பின்னேரம் கொழுந்து நிறுத்து முடிந்தபின் என்னுடைய காம்பராவுக்கு வாருங்கள், எழுதித் தருகிறேன். நிறுத்துகிற கடிதமும் எழுதுவேன், சேருகிற படிவமும் நிரப்புவேன், கணக்குக் கேட்டுச் சங்கத்துக்கு எழுத வேண்டுமானால் அதையும் எழுதுவேன். போன மாதத்துச் சம்பளத் துண்டைக் கொண்டு வாருங்கள். பொம்பளை ஆளுக தாங்களே வர வேண்டும், புருஷன் கையில் கொடுத்துவிட வேண்டாம். எந்தச் சங்கத்தில் சேருவது என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.